மூன்று கடை எட்டு ஆனது, கையில் பணம் மட்டும் இல்லை

காஜாபட்டன்:

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போது வேறு வழியில்லாமல் எழுதுகிறேன்.

பெண்களுக்கான ஆயத்த ஆடைகள், கூடவே கம்மல், வளையல், கைப்பை, பெல்ட், ஸ்கார்ஃப் என்று விற்கும் கடை எங்களுடையது. நானும் மச்சானும் பங்கு. நான்கு வருடத்துக்கு முன்பு மூன்று கடை, இன்று எட்டு. மொத்த விற்பனை இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல். ஆடிட்டர் காட்டும் கணக்கில் லாபமும் ஏறியிருக்கிறது. ஆனால் மூன்று கடை இருந்த காலத்தில் சரக்கு கொடுத்தவர்களுக்கு முப்பது நாளில் பணம் போய்விடும். இப்போது எழுபது, எண்பது நாள் இழுக்கிறது. போன வாரம் ஒருவர் போனில், "கடை மேல கடை திறக்கிறீங்க, என் பில்லை மட்டும் மூட மாட்டேங்கிறீங்களே" என்று கேட்டுவிட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

இன்னும் நான்கு கடை எடுத்தால் மொத்தமாக வாங்கலாம், கொள்முதல் விலை இறங்கும், எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் மச்சான். இரண்டு இடம் பார்த்தும் வைத்துவிட்டார். பெரிய கடைத்தொடர்கள் எல்லாம் இப்படித்தானே வளர்ந்தன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குச்சுருள்:

தம்பி, ஒரே ஒரு எண் கேட்கிறேன். அந்தப் பழைய மூன்று கடை மட்டும் நான்கு வருடத்துக்கு முன்பு எவ்வளவு விற்றன, இப்போது எவ்வளவு விற்கின்றன? எட்டையும் கூட்டிச் சொல்ல வேண்டாம்.

திண்ணைவாசி:

நானும் ஒரு துண்டு போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். மச்சானோடு பங்கு என்றாலே கதை சுவாரசியமாகத்தான் இருக்கும்.

காஜாபட்டன்:

சுருள் சார், நீங்கள் கேட்ட பிறகுதான் பிரித்துப் பார்த்தேன். மூன்றும் சேர்ந்து 9 சதவீதம் குறைந்திருக்கின்றன. விலை இதற்கிடையில் ஏறியிருக்கிறது, அதையும் சேர்த்தால் உருப்படிக் கணக்கில் குறைவு இன்னும் அதிகம். முதல் கடைதான் அதிகம் இறங்கியிருக்கிறது. நான்காவது கடையை அதிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் திறந்தோம்.

கணக்குச்சுருள்:

நினைத்தேன். நான்காவது கடையின் பில்களில் வாடிக்கையாளர் போன் எண் இருக்கும் அல்லவா, அதை முதல் கடையின் பழைய எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நூற்றுக்கு எத்தனை பேர் ஏற்கனவே உங்களிடம் வாங்கியவர்கள் என்று தெரியும். அவர்கள் புது வாடிக்கையாளர்கள் அல்ல. அதே ஆளுக்கு விற்க இப்போது இரண்டு வாடகை, இரண்டு ஏசி பில், இரண்டு செட் ஊழியர் சம்பளம் கொடுக்கிறீர்கள்.

இந்தத் தொழிலில் வளர்ச்சி என்றால் இரண்டு விஷயம் ஒன்றாகக் கலந்திருக்கும். ஏற்கனவே இருக்கும் கடை அதிகமாக விற்பது ஒன்று, புதுக் கடை சேர்வது இன்னொன்று. பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் இவற்றைத் தனித்தனியாகச் சொல்லும். ஓராண்டுக்கு மேல் நடக்கும் கடைகளை மட்டும் வைத்து ஒப்பிடும் அந்த எண்ணைத்தான் விவரம் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பார்கள். மொத்த விற்பனை ஏறி, அந்த எண் இறங்கினால் உள்ளே ஏதோ ஒழுகுகிறது என்று பொருள்.

அப்புறம் ஆடிட்டர் காட்டும் லாபம். டாப்ஸ், அதாவது மேல்சட்டை, ஒரு டிசைனில் 100 உருப்படி வாங்குகிறீர்கள். அடக்கம் 50, விற்பனை விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 முழு விலைக்குப் போகிறது, 25 பாதி விலைக்குத் தள்ளுபடியில் போகிறது, 15 நிற்கிறது. கல்லாவுக்கு வந்தது 7,250. கையிலிருந்து போனது 5,000. மிச்சம் 2,250. ஆனால் புத்தகத்தில் விற்ற 85 உருப்படியின் அடக்கத்தை மட்டும்தான் கழிப்பார்கள், அதனால் லாபம் 3,000 என்று வரும். வித்தியாசம் 750 எங்கே? ஹேங்கரில் தொங்குகிறது. அந்தப் பதினைந்தை அடக்க விலைக்கே வாங்க ஆள் வருவார்கள் என்று புத்தகம் நம்புகிறது. இதை எட்டுக் கடை, நூற்றுக்கணக்கான டிசைன், நான்கு வருடம் என்று பெருக்குங்கள். கூடவே ஒவ்வொரு புதுக் கடையையும் திறக்கும் நாளில் நிரப்பக் கொடுத்த சரக்கு. உங்கள் பணம் எங்கும் போகவில்லை தம்பி, கடையிலேதான் இருக்கிறது, துணியாக.

காஜாபட்டன்:

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மச்சானுக்கு அனுப்பியிருக்கிறேன்.

அலமாரி:

ஒரு பெரிய கடைத்தொடரில் பதினோரு வருடம் கொள்முதல் பக்கம் இருந்தவள் நான். பெயர் வேண்டாம். "பெரியவர்கள் எல்லாம் இப்படித்தானே வளர்ந்தார்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள், அதற்குப் பதில் சொல்கிறேன்.

ஜாராவை எடுத்துக்கொள்வோம், எல்லோருக்கும் தெரிந்த பெயர். அதைத் தொடங்கிய அமன்சியோ ஒர்தேகா பதின்ம வயதில் ஒரு சட்டைக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தவர். பிறகு 1963இல் உடை தைக்கும் சிறு தொழில் தொடங்கினார். ஜாரா என்ற பெயரில் முதல் கடை ஸ்பெயினின் ஆ கொருன்யாவில் 1975இல். ஸ்பெயினை விட்டு வெளியே முதல் கடை, பக்கத்து நாடான போர்ச்சுகலின் போர்த்தோவில், 1988இல். நடுவில் 13 வருடம். அந்த நேரத்தில் கட்டியதெல்லாம் தையல் கூடம், வெட்டும் கூடம், விநியோகக் கிடங்கு, கடையிலிருந்து சேதி வரும் வழி. இவை ஓடத் தொடங்கிய பிறகுதான் 1989இல் நியூயார்க், 1990இல் பாரிஸ், 2001இல் பங்குச் சந்தை.

அந்த "சேதி வரும் வழி"தான் முக்கியம். கடை மேலாளர் எது விற்றது என்பதோடு, எதைக் கேட்டு இல்லாமல் திரும்பிப் போனார்கள், ட்ரையல் ரூமில் போட்டுப் பார்த்துவிட்டு எதைக் கழற்றி வைத்தார்கள் என்றும் சொல்வார். வாரத்துக்கு இரண்டு முறை கடைக்குச் சரக்கு போகும், ஆனால் கொஞ்சமாகத்தான் போகும். பருவம் தொடங்கும் முன்பே எல்லாவற்றையும் தைத்துக் குவிக்க மாட்டார்கள். ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோ, துருக்கி என்று பக்கத்திலேயே பெரும் பகுதியைத் தைப்பதால் கூலி கூடுதல்தான். ஆனால் விற்காத துணியைத் தைக்காமலே விடுகிறார்கள் அல்லவா, அதில் மீட்டுவிடுகிறார்கள்.

இத்தாலியின் பெனட்டன் இதே யோசனையை வேறு மாதிரி செய்தது. சாதாரணமாக நூலுக்குச் சாயம் போட்டு ஸ்வெட்டர் பின்னுவார்கள். அவர்கள் சாயமில்லாமல் பின்னி வைத்துவிட்டு, எந்த நிறம் ஓடுகிறது என்று பார்த்து அப்புறம் சாயத் தொட்டியில் போட்டார்கள். பச்சை விற்குமா சிவப்பு விற்குமா என்ற பந்தயத்தைக் கடைசி நாள்வரை தள்ளிப்போட்டார்கள், அவ்வளவுதான்.

காஜா தம்பி, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு டிசைன் எந்தக் கடையிலாவது ஓடவில்லை என்றால் அந்தச் சேதி உங்களுக்கு எத்தனை நாளில் வருகிறது?

காஜாபட்டன்:

உண்மையைச் சொன்னால், மாதக் கடைசியில் இருப்பு எடுக்கும்போதுதான் அக்கா. அதுவும் மூன்று கடை இருந்தபோது நானே தினம் மூன்றுக்கும் போவேன், கண்ணால் பார்த்தே தெரியும்.

அலமாரி:

அதேதான். மூன்று கடையில் உங்கள் கண்தான் கம்ப்யூட்டர். எட்டுக் கடைக்கு அது எட்டவில்லை. பன்னிரண்டுக்கு எப்படி எட்டும்?

திண்ணைவாசி:

அக்கா, எல்லாம் சரி. ஜாராவிடம் ஆலை இருக்கிறது, கிடங்கு இருக்கிறது, ஆயிரம் டிசைனர் இருப்பார்கள். எட்டுக் கடைக்காரரிடம் போய் ஜாராவைப் பார் என்றால், சைக்கிள் கற்றுக்கொள்பவனிடம் விமானம் எப்படி இறங்குகிறது தெரியுமா என்று கேட்பது போல இருக்கிறது. இந்த ஜாரா கதையை மேலாண்மை வகுப்பில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

அலமாரி:

வாரம் இரண்டு முறை எட்டு மேலாளருக்கும் போன் போட்டு "எதைப் போட்டுப் பார்த்துக் கழற்றி வைத்தார்கள்" என்று கேட்க ஆலையா வேண்டும், திண்ணை? ஒரு நோட்டும் பேனாவும் போதும். நான் சேர்ந்த முதல் வருடம் அதைத்தான் செய்தோம்.

கணக்குச்சுருள்:

ஜாரா பற்றிய இன்னொரு பாதியை யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். தாய் நிறுவனமான இன்டிடெக்ஸ் 2020 ஜனவரியில் முடிந்த கணக்காண்டில் 7,469 கடைகள் வைத்திருந்தது, விற்பனை சுமார் 2,830 கோடி யூரோ. 2020இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறிய கடைகளை மூடப்போவதாக அறிவித்தது. 2025 ஜனவரியில் முடிந்த ஆண்டில் கடைகள் 5,563, விற்பனை சுமார் 3,860 கோடி யூரோ. அதில் ஏறக்குறைய கால் பங்கு ஆன்லைன், நடுவில் விலைவாசியும் ஏறியது, அதையெல்லாம் கழித்தே பாருங்கள். கிட்டத்தட்ட நான்கில் ஒரு கடையைக் கழித்துவிட்டு வளர்ந்திருக்கிறார்கள். மூடியவை சின்னவை, பழையவை. இருந்தவற்றில் பலவற்றைப் பெரிதாக்கினார்கள்.

மறுபக்கம் எச் அண்ட் எம். 1947இல் ஸ்வீடனின் வெஸ்டெரோஸ் நகரில் பெண்கள் உடைக் கடையாகத் தொடங்கி உலகம் சுற்றிய நிறுவனம், சாமானியமானது அல்ல. ஆனால் 2018 பிப்ரவரி இறுதியில் அவர்களிடம் இருந்த சரக்கின் மதிப்பு சுமார் 3,500 கோடி குரோனா. அந்த எண் வெளியானபோது செய்தித்தாள்கள் எல்லாம் அதைத்தான் தலைப்பாகப் போட்டன. இருப்பு தேங்கினால் தள்ளுபடி, தள்ளுபடி போட்டால் அடுத்த பருவச் சரக்கை முழு விலைக்கு வாங்க ஆள் இல்லை. காஜாவின் நோய்தான், அளவு மட்டும் வேறு.

ஜிமிக்கி:

எல்லோரும் துணியையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். முதல் பதிவில் கம்மலும் கைப்பையும் இருக்கிறதே, அதற்கு யாரும் இல்லையா? நான் அணிகலன் மட்டும் விற்பவள், மூன்று சின்னக் கடை. ஒன்று படிக்கட்டுக்குக் கீழே இருக்கிறது, நான் உள்ளே குனிந்துதான் போவேன்.

கம்மலுக்கு எஸ், எம், எல் கிடையாது. இந்த ஒரு வரியில் பாதித் தொழில் அடங்கிவிட்டது. டாப்ஸ் ஒரு டிசைன் வாங்கினால் நான்கு அளவு, மூன்று நிறம் என்று பன்னிரண்டு வகையாக நிற்கும். கம்மல் யார் காதிலும் உட்காரும். ட்ரையல் ரூம் வேண்டாம், ஒரு கைக் கண்ணாடி போதும். அரை மீட்டர் அகலப் பலகையில் கொக்கி அடித்தால் இருநூறு அட்டை தொங்கும். துணிக்கடையில் அந்த அரை மீட்டரில் முப்பது ஹேங்கர் வைத்தால் பெரிது. லாப விகிதமும் துணியை விட நல்லது. பில் போட நிற்கும்போது கை தானாக எடுக்கும் பொருள் வேறு.

இதை வைத்தே உலகம் முழுக்கப் பரவியவர்கள் இருக்கிறார்கள். போர்ச்சுகலில் 1994இல் மனுவேலா மெதெய்ரோஸ் தொடங்கிய பார்ஃபுவா கைப்பை, நகை, ஸ்கார்ஃப் என்று அணிகலனிலேயே வளர்ந்து, நன்றாகக் காலூன்றிய பிறகுதான் உடைக்கு வந்தது. நாம் எல்லோரும் தலைகீழாகச் செய்கிறோம், துணியை வைத்துவிட்டு மூலையில் ஒட்டுக்கு நாலு கம்மல்.

அமெரிக்காவின் கிளேர்ஸ் இன்னும் வேடிக்கை. அந்த நிறுவனத்தைக் கட்டிய ரோலண்ட் ஷேஃபர் முதலில் சவுரி முடி, விக் விற்றவர். 1970களின் தொடக்கத்தில் இருபத்தைந்து கடை கொண்ட கிளேர்ஸை வாங்கினார். மால்களில் பத்துப் பதினைந்து அடி அகலக் கடை, உள்ளே காது குத்தும் நாற்காலி. காது குத்திக்கொண்ட சிறுமி அடுத்த பல வருடங்களுக்குக் கம்மல் வாங்குவாள் அல்லவா? வாடிக்கையாளரை உண்டாக்கும் இடத்தையே கடைக்குள் வைத்துக்கொண்டார்கள். இதைவிடக் கெட்டிக்காரத்தனம் எனக்குத் தெரிந்து இந்தத் தொழிலில் இல்லை.

ஆனால் 2007இல் ஒரு முதலீட்டு நிறுவனம் கிளேர்ஸைச் சுமார் 310 கோடி டாலருக்கு வாங்கியது, பெரும்பகுதி கடன் பணத்தில். அந்தக் கடன் கிளேர்ஸ் தலையிலேயே உட்கார்ந்தது. கம்மல் விற்ற காசு வட்டிக்குப் போனது. மாலுக்கு வரும் கூட்டமும் குறைந்தது. 2018இல் திவால் பாதுகாப்புக் கேட்டார்கள், 2025இல் மறுபடியும்.

அப்புறம் இதன் தலைவலி. வகைகள் ஆயிரக்கணக்கில். நான் வாரம் ஒரு நாள் கடை மூடிய பிறகு கொக்கி கொக்கியாக எண்ணுவேன். கண்ணாடிக்குப் பின்னால், ஸ்டூலுக்கு அடியில், ஒருமுறை கைப்பைகளின் உள்ளேயே, வெறும் அட்டை மட்டும் கிடைக்கும். இரண்டு துளை இருக்கும், கம்மல் இருக்காது. நாலு மாதம் தொங்கினால் தங்க முலாம் கறுக்கத் தொடங்கும், அதைப் பார்த்தால் பக்கத்தில் தொங்கும் புதியதையும் எடுக்க மாட்டார்கள். அதனால் கறுத்ததைத் தயங்காமல் கழற்றிவிடுவேன். கழற்ற மனசு வராதவர்கள் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது.

காஜா, உங்கள் கடையில் அணிகலன் எத்தனை அடி இடம், மொத்த விற்பனையில் எத்தனை சதவீதம்?

காஜாபட்டன்:

பில்லிங் கவுண்டர் பக்கச் சுவர் மட்டும்தான் அக்கா, கடையில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. விற்பனையில் 22 சதவீதம். எழுதும்போதே எனக்கு உறைக்கிறது.

திண்ணைவாசி:

அந்த நாலு கடையைத் திறக்காமல் நாலு சுவரில் கொக்கி அடிக்கலாம் போலிருக்கிறதே. வாபஸ், ஜாராவைப் பற்றிச் சொன்னதைப் பாதி வாபஸ் வாங்குகிறேன்.

அலமாரி:

கொக்கி அடிப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. பத்தில் ஒரு பங்கு இடத்தில் 22 சதவீதம் வருகிறது என்றால் இரண்டு பங்கில் 44 வராது. கவுண்டருக்குப் பக்கம் என்பதால்தான் அது ஓடுகிறது. உள்மூலையில் கொண்டுபோய் வைத்தால் அதே கம்மல் தூங்கும். ஒரு கடையில் மட்டும் ஆறு வாரம் முயன்று பாருங்கள்.

வெளிவாசல்:

தாமதமாக வருகிறேன். என் பங்குக்கும் ஒரு கதை உண்டு, ஆனால் அதற்கு முன் இரண்டு பெரிய கதை.

யூனிக்ளோ. ஜப்பானில் ததாஷி யானாய் அப்பாவின் ஆண்கள் உடைக் கடையில் சேர்ந்து, 1984இல் ஹிரோஷிமாவில் யூனிக்ளோ முதல் கடையைத் திறந்தார். 1998இல் டோக்கியோவின் ஹராஜுகுவில் கடை, அதோடு ஃப்ளீஸ் எனும் மெத்தென்ற, கதகதப்பான துணியில் மேலாடை. ஒரே பொருள், ஏகப்பட்ட நிறம். 1998இல் 20 லட்சம் விற்றது, 1999இல் 85 லட்சம், 2000இல் 2 கோடியே 60 லட்சம். இந்த உற்சாகத்தில் 2001இல் லண்டனில் இறங்கினார்கள். மூன்று வருடத்தில் ஐம்பது கடை என்று திட்டம். இருபத்தொன்று வரை திறந்து, 2003இல் பதினாறை மூடினார்கள். ஜப்பானில் ஃப்ளீஸ் அலையும் அதற்குள் வடிந்துவிட்டது. லண்டன்காரருக்கு அந்தப் பெயரே தெரியாத நேரத்தில் கடைகளை மட்டும் பெருக்கியிருந்தார்கள். அப்புறம் 2006இல் நியூயார்க்கில் வேறு மாதிரி வந்தார்கள், பெரிய தெருவில் ஒரே ஒரு பெரிய கடை, பெயரை முதலில் ஊன்றிவிட்டு மற்றதெல்லாம் பிறகு.

ஃபாரெவர் 21. தென்கொரியாவிலிருந்து வந்த கணவன் மனைவி 1984இல் லாஸ் ஏஞ்சலஸில் 900 சதுர அடியில் தொடங்கியது. 2019இல் திவால் மனு போட்டபோது அவர்களது கடைகளின் சராசரி அளவு 38,000 சதுர அடி. ஆறு வருடத்துக்குள் ஏழு நாடுகளிலிருந்து நாற்பத்தேழு நாடுகளுக்குப் போயிருந்தார்கள். அத்தனை அடியையும் ஒவ்வொரு வாரமும் புதுசாகக் காட்ட எவ்வளவு சரக்கு வேண்டும் என்று யோசியுங்கள். 2025 மார்ச்சில் அமெரிக்காவில் மறுபடி திவால்.

இப்போது என் கதை. ஐந்து கடை வைத்திருந்தேன். ஆறாவதாக ஒரு மாலில் எடுத்தேன். மாடியில் சினிமா வரப்போகிறது, கூட்டம் கொட்டும் என்றார்கள். ஐந்து வருட ஒப்பந்தம், முதல் மூன்று வருடம் நான் வெளியேற முடியாது, வருடா வருடம் வாடகை ஏறும். சினிமா வந்தது, இரண்டு வருடம் கழித்து. அதுவரை என் மாடியில் என் கடைக்கும் ஒரு செல்போன் கவர் கடைக்கும் மட்டும்தான் விளக்கு எரிந்தது. மாலையில் என் கடைப் பெண்ணும் அந்தக் கடைப் பையனும் எதிரெதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். போன வருடம் அவர்களுக்குக் கல்யாணம். அந்தக் கடையால் விளைந்த ஒரே நல்லது அதுதான். அதன் நஷ்டத்தை அடைக்க நன்றாக ஓடிய இரண்டு கடையின் சரக்குப் பணத்தை எடுத்தேன். அங்கே ஓடும் சைஸ் இல்லாமல் போனது, வாடிக்கையாளர் போனார்கள். இன்று என்னிடம் இரண்டு கடை.

ஒப்பந்தத்தில் உள்ளே போகும் பக்கத்தை எல்லோரும் படிப்பார்கள். வெளியே வரும் பக்கத்தைப் படியுங்கள். மச்சான் பார்த்த அந்த இரண்டு இடத்துக்கும் முன்பணம் கொடுத்தாகிவிட்டதா?

காஜாபட்டன்:

ஒன்றுக்கு டோக்கன் மட்டும் கொடுத்திருக்கிறார். இன்று இரவு பேசுகிறேன்.

தறிநாடா:

வேகம், வேகம் என்று இவ்வளவு புகழ்கிறீர்கள். வாரம் இருமுறை புதுசு, நினைத்தவுடன் தைத்து வரவேண்டும் என்ற அவசரம் கடைசியில் யார் முதுகில் ஏறுகிறது? 2013 ஏப்ரல் 24, டாக்காவுக்குப் பக்கத்தில் ராணா பிளாசா. முந்தின நாளே சுவரில் விரிசல். கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடிவிட்டன. மேலே தையல் ஆட்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். 1,134 பேர் செத்தார்கள். நான் பன்னிரண்டு வருடம் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தவன். "அவசர ஆர்டர்" என்ற வார்த்தை எங்களுக்கு என்ன அர்த்தம் தருமென்று கடைக்காரர்களுக்குத் தெரியாது. அன்றைக்கு வீட்டுக்குப் போகும் நேரம் யாருக்கும் கிடையாது, அதுதான் அர்த்தம்.

அலமாரி:

மறுக்க மாட்டேன். அந்த விபத்துக்குப் பிறகுதான் கட்டடப் பாதுகாப்புக்குச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் எச் அண்ட் எம், இன்டிடெக்ஸ், மலிவு விலை உடைக் கடைத்தொடரான பிரைமார்க் எல்லாம் கையெழுத்துப் போட்டன. அதற்கு முன் போட்டிருக்கலாம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் அனுபவத்தில் அவசர ஆர்டரில் பாதி, வேகமான நிறுவனம் என்பதால் வந்ததல்ல. எங்கள் ஆபீஸில் நிறத்தை முடிவு செய்ய ஆறு வாரம் இழுப்போம், அதில் போன நாட்களை உங்கள் தலையில் வைப்போம். கடைசி நாள் மட்டும் மாறாது. நானே அப்படி மெயில் அனுப்பியிருக்கிறேன்.

தறிநாடா:

இதைச் சொன்னதே பெரிசு மேடம்.

பின்னல்:

ஆன்லைனில் விற்கலாமே? கடையே வேண்டாமே?

கணக்குச்சுருள்:

உடைக்கு ஆன்லைன் என்றால் திரும்பி வருவதையும் கணக்கில் எடுக்க வேண்டும் தம்பி. இரண்டு அளவு வாங்கி ஒன்றைத் திருப்புவார்கள், போக வரச் செலவு நமக்கு. பிரைமார்க் இன்றுவரை வீட்டுக்கு அனுப்புவதில்லை, அவர்கள் விலைக்கு அது கட்டாது. அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் உண்டு. 2020 ஊரடங்கில் எல்லாக் கடையும் மூடியபோது மாதம் 65 கோடி பவுண்டு விற்பனை அப்படியே பூஜ்யமானது. கம்மலுக்கு ஆன்லைன் ஓரளவு ஒத்துவரும், அளவுச் சிக்கல் இல்லை.

காஜாபட்டன்:

பத்து நாள் கழித்து வருகிறேன். மன்னிக்கவும், உண்மையிலேயே எண்ணிக்கொண்டிருந்தேன்.

எட்டுக் கடையும் கிடங்கும் சேர்த்து எண்ணி முடித்தோம். துணியில் 41 சதவீதம் ஆறு மாதத்துக்கு மேல் பழையது. நான் இருபது என்று நினைத்திருந்தேன். போன் எண்ணும் பார்த்தேன் சுருள் சார், நான்காவது கடைக்கு வருபவர்களில் நூற்றுக்கு 37 பேர் முதல் கடையின் பழைய ஆட்கள்.

ஒன்று என் கண்ணிலேயே நிற்கிறது. மெரூன் நிறத்தில் ஒரு குர்தி. போன வருடம் நன்றாக ஓடியது என்று நானே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த டிசைன். செட்டாகத்தான் வாங்குவோம், ஒரு செட்டில் எஸ் ஒன்று, எம் இரண்டு, எல் இரண்டு, எக்ஸ்எல் ஒன்று. ஒவ்வொரு கடைக்கும் மூன்று செட். எம், எல் எல்லாக் கடையிலும் பத்து நாளில் தீர்ந்துவிட்டது. ஒவ்வொரு கடை ரேக்கிலும் மூன்று நான்கு என்று எஸ்ஸும் எக்ஸ்எல்லும் தொங்கின, யார் கண்ணையும் உறுத்தவில்லை. எல்லாவற்றையும் கொண்டுவந்து கிடங்குத் தரையில் அடுக்கினேன். முப்பத்தொன்று. மெரூனில் ஒரு சின்ன மலை. மச்சான் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, ஒரு எஸ்ஸை எடுத்து விரித்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்து வைத்தார்.

அலமாரி:

அந்த மலைதான் உங்கள் சப்ளையரின் எண்பது நாள். இனிமேல் செய்ய வேண்டியது. செட்டை உடைத்து வாங்கப் பாருங்கள், தையல்காரர் கொஞ்சம் முனகுவார், விலை சற்று ஏறும், ஏறட்டும். முதலில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு செட் மட்டும் அனுப்புங்கள், மீதியைக் கிடங்கில் வைத்து ஓடும் கடைக்கு ஓடும் அளவை அனுப்புங்கள். எந்தக் கடையில் எம், எல் முடிந்ததோ அங்கே மிச்சத்தைத் தொங்கவிடாதீர்கள், ஒரே கடைக்குக் கூட்டுங்கள். ஒரு கடையில் முப்பத்தொன்று சேர்ந்தால் எஸ் போடும் பெண்ணுக்கு அது தனி ரேக், எட்டுக் கடையில் சிதறினால் குப்பை.

தள்ளுபடியை முதலிலேயே சின்னதாகப் போடுங்கள். ஆறாவது வாரத்தில் 20 சதவீதம் குறைத்தால் போகும் பொருள், ஆறாவது மாதத்தில் 60 குறைத்தாலும் போகாது.

ஜிமிக்கி:

மெரூனுக்குப் பொருந்தும் கம்மலை அந்த ரேக்கிலேயே ஹேங்கர் கழுத்தில் மாட்டிவிடுங்கள். நான் சொன்னேன் என்று செய்து பாருங்கள்.

வெளிவாசல்:

அந்த டோக்கன் என்ன ஆயிற்று?

காஜாபட்டன்:

இரண்டு மாதம் ஓடிவிட்டது. ஒரு சின்ன நிலவரம் மட்டும்.

டோக்கன் போனது போனதுதான், திரும்பி வரவில்லை. இரண்டு இடமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். நான்காவது கடையை மூடுகிறோம், அதன் ஊழியர் மூவரும் முதல் கடைக்கு வருகிறார்கள். மச்சான்தான் இப்போது வாரம் இரண்டு முறை மேலாளர்களுக்குப் போன் போடுகிறார், நோட்டுப் போட்டு எழுதுகிறார். என்னைவிட அவருக்கு அது நன்றாக வருகிறது, ஊர்க்கதையெல்லாம் பேசி விஷயத்தைக் கறந்துவிடுகிறார். "வெள்ளை பேன்ட் உள்ளே தெரிகிறது என்று ஏழு பேர் திருப்பி வைத்தார்கள்" என்று போன வாரம் ஒரு சேதி வந்தது. இருநூறு உருப்படி ஆர்டரை நிறுத்தினோம். மெரூன் குர்தியில் பத்தொன்பது போய்விட்டது, அதில் பன்னிரண்டு ஜிமிக்கி அக்கா சொன்ன மாதிரி கம்மல் மாட்டிய பிறகு போனவை. சப்ளையர் பில் ஐம்பத்தைந்து நாளுக்கு வந்திருக்கிறது. அன்று போன் போட்டவர் இன்னும் பேச்சில் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கிறார்.

நான்காவது கடையின் ரேக், விளக்கு எல்லாவற்றுக்கும் ஆள் பார்த்துவிட்டோம். ஆறு பொம்மைகள் மட்டும் மிச்சம். இங்கே யாருக்காவது வேண்டுமென்றால் சும்மாவே தருகிறேன். இரண்டுக்குக் கை இல்லை.

ஜிமிக்கி:

கை எனக்கு எதற்கு? காது இருக்கிறதா, அதைச் சொல்லுங்கள்.